பன்னிரண்டு மூட்டையும் ஒரு புள்ளியும்

செல்லப்பாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. பாதியில் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அடியில் தங்கிய சர்க்கரையைக்கூடக் கிளாஸைச் சுழற்றிக் குடித்துவிடுவார்.

"சரி சார்" என்றார்.

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் கையில் ஒரு கிராஃப் தாள். அதைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், மடையன்.

நாலு வருடமாக அவர் என்னை "மாப்ளே" என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக "சார்".

நான் போடிக்கு மாற்றலாகி வந்ததையும் வீடு தேடி அலைந்ததையும் இந்தத் தொடரில் போன இரண்டு வாரமும் வேடிக்கையாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அங்கே உங்களுக்கு ஒரு ஜீப் டிரைவர் சிநேகம் இருந்தாரே, அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் விட்டேன். கேட்டுவிட்டாள். இனி எழுதாமல் இருந்தால் இந்தத் தொடரே பொய்யாகிவிடும்.

எடை இல்லாத சரக்கு

என் மனைவி இறந்து ஒரு வருடம் கழித்து நான் போடிக்கு வந்தேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். மலையைப் படத்தில் பார்த்ததோடு சரி.

அப்போது ஊரெல்லாம் பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய ஒரு கூடம் வரப்போகிறது என்ற பேச்சு. பிசிக்ஸ் வாத்தியார் என்று தெரிந்தால் போதும், முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, அது என்ன சாமான் என்று கேட்பார். தபால் ஆபீசில் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒருநாள் டீக்கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வேறு மாதிரி கேட்டார். அதற்கு எடை உண்டா என்றார். இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரிதான் என்றேன். "அப்ப நமக்கு சோலி இல்ல. எடை இல்லாத லோடுக்கு ஜீப்பு எதுக்கு?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்பது வீட்டுக்குப் போன பிறகு உறைத்தது.

அவர்தான் செல்லப்பாண்டி. காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப்போவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கிடையாது, ஏலக்காய் மூட்டை மட்டும் இறக்கி வருவார். ஜீப் அவருடையது அல்ல, முதலாளி ஒருவருடையது.

என் குடும்பக் கதையைக் கேட்டவர், "எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா உங்களுக்குத்தான் கட்டிக் குடுத்திருப்பேன். இல்லாததுக்கு நான் என்ன செய்ய? முறை முறைதான்" என்றார். அன்றிலிருந்து நான் மாப்ளே.

நான் அவரை "பாண்டியண்ணே" என்றேன். அதற்கு அவர் என்னைச் சும்மா விடவில்லை. "மாப்ளேன்னு கூப்பிட்டா மச்சான்னுல்ல சொல்லணும்? அண்ணேங்கிறீக. முறையில்ல கெடுது" என்பார். எனக்குக் கூச்சம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு மச்சான் என் நாக்கில் வரவில்லை. நாலு வருடமும் அண்ணேதான்.

ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பயம். மற்ற நாளில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளுக்கு ரசம் வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ரசம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சும். சாயங்காலம் மகள் போன் செய்வாள். அதுவரை என் குரலை நானே கேட்க மாட்டேன்.

செல்லப்பாண்டி வந்த பிறகு அது மாறியது. காலையில் வாசலில் ஹார்ன் அடிக்கும். "வெரசா வாங்க மாப்ளே, பனி கிடக்கும்போதே ஏறிரணும்." முன்சீட்டு எனக்கு. குரங்கணி வரைக்கும் போய், அங்கிருந்து மேலே தோட்டங்களுக்கு. அவர் லோடு ஏற்றும்போது நான் ஒரு கடுங்காப்பியோடு நின்று மேகம் இறங்குவதைப் பார்ப்பேன். திரும்பும்போது அவர் பேசுவார், நான் கேட்பேன்.

ஏலக்காய் வாசனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக போடிக்கு வருகிறவர்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் மூக்கை உறிஞ்சுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வாசனையே தெரியாது. வந்த இரண்டாம் வருடம் என் மூக்கிலும் அது நின்றுபோயிற்று. நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்று அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை பின்னால் என்ன வேலை செய்தது என்பதற்கு வருகிறேன்.

பாண்டியண்ணனின் வேண்டுகோள்

செல்லப்பாண்டிக்கும் முதலாளிக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஜீப்பில் பன்னிரண்டு மூட்டை ஏற்றலாம் என்பது முதலாளி வைத்த கணக்கு. மலையில் எல்லாருக்கும் மூட்டைதான் கணக்கு. எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், எத்தனை மூட்டை என்றுதான் கேட்பார்கள். சில நாளில் அதே பன்னிரண்டு மூட்டைக்கு பிரேக் நேரத்துக்குப் பிடிப்பதில்லை, அந்த நாளில் நாலு மூட்டை குறைக்க வேண்டும் என்பது செல்லப்பாண்டியின் கட்சி. பன்னிரண்டு என்றைக்கும் பன்னிரண்டுதானே என்பது முதலாளியின் கட்சி. மெக்கானிக் பார்த்துவிட்டு பிரேக்கில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்.

"நான் சொன்னா வாய்ப்பேச்சு மாப்ளே. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா அவரு நம்புவாரு" என்றார் செல்லப்பாண்டி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய பாடத்துக்கு ஓர் ஆள் நிஜமாகவே வேலை கொடுக்கிறார். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. பிரேக்கின் விசை மாறாது என்றால், நிறை கூடக் கூட வண்டி நிற்பது மந்தமாகும். இதைத்தான் வரைய வேண்டும்.

மலையடிவாரத்து முந்தலுக்குக் கீழே சமதளத்தில் ஒரு நேர்ரோடு உண்டு. அங்கே ஒரு சின்னப் பாலம். திரும்பி வரும்போது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பாலத்தைத் தாண்டியதும் பிரேக்கை முழுசாக மிதிக்க வேண்டும். செல்போனுக்குள் முடுக்கத்தை அளக்கிற பொறி ஒன்று இருக்கிறது. போனை டேஷ்போர்டில் ஒட்டிவைத்து, வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்று குறித்துக்கொள்வேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு லோடு. தாளில் கிடைக்கோட்டில் மூட்டை, நிலைக்கோட்டில் எதிர்முடுக்கம்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். லோடைப் பற்றி எதுவும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, மூட்டை எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். அளக்கிறவன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா? அறிவியல் முறை.

அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

வெளியே நின்ற புள்ளி

காலி ஜீப்பிலிருந்து ஆரம்பித்தோம். பிறகு நாலு மூட்டை, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. புள்ளிகள் மெல்ல இறங்கும் ஒரு வளைவில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அந்த ஞாயிறுகளில் நான் இருந்த சந்தோஷத்தை வெட்கமில்லாமல் சொல்கிறேன். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை.

கடைசி ஞாயிறு நல்ல மழை. மறுபடி பன்னிரண்டு மூட்டை, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. நேர்ரோட்டில் மிதித்தார். ஜீப் இழுத்துக்கொண்டு போய், வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி நின்றது.

"பாத்தீகளா மாப்ளே? இன்னைக்கு ஏத்துன காயி..."

நான் கையைத் தூக்கினேன். மூட்டை எத்தனை, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"பன்னெண்டு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வாத்தியாரின் நிபந்தனையைக் காப்பாற்றிய சிரிப்பு என்று இப்போது புரிகிறது.

வீட்டில் வந்து குறித்தேன். ஒரே பன்னிரண்டுக்கு இரண்டு புள்ளி. ஒன்று வளைவின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று தனியாகக் கீழே கிடக்கிறது. என்ன காரணம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஐந்தாறு வாரமாக வளர்த்த வளைவு, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பிரேக் மாறவில்லை, மூட்டை மாறவில்லை, ரோடு ஈரமாக இருந்தாலும் சக்கரம் சறுக்கவில்லை. மிச்சம் இருப்பது மிதித்த கால் மட்டும்தான். சிவப்புப் பேனாவால் அந்தப் புள்ளியைச் சுழித்துப் பக்கத்தில் "பிழை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை டீக்கடையில் முதலாளியும் இருந்தார். தாளை விரித்தேன். வளைவைக் காட்டினேன். ஜீப்பில் ஒரு குறையும் இல்லை, பன்னிரண்டு மூட்டையும் ஏற்றலாம், இந்த ஒரு புள்ளி மட்டும் நேற்று அண்ணன் சரியாக மிதிக்காததால் வந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "அண்ணனுக்கும் வயசாகுதில்ல" என்று சேர்த்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பாதி டீ.

காலியான முன்சீட்டு

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஏறுகிற வண்டி. டிரைவருக்குக் கால் மந்தம் என்று ஒரு வாத்தியாரே அளந்து சொல்லிவிட்டார். அந்த வாரத்துக்குள் வேறு டிரைவர் வந்துவிட்டார். செல்லப்பாண்டி ராசிங்காபுரத்தில் சொந்தக்காரர் ஒருவரின் டிராக்டரை ஓட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்ய எனக்கு ரோஷம். உண்மையைச் சொன்னதற்கு ஒரு மனுஷன் இப்படிக் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரசம் மறுபடியும் மிஞ்ச ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் எந்த ஹார்ன் அடித்தாலும் சட்டையைத் தேடினேன். பழக்கதோஷம்.

ஒரு மூட்டை

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ்சில் முந்தல் வரை போய், அந்த நேர்ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்று இருந்தது. அதன் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன்.

லோடு வந்து இறங்கியிருந்தது. வாசலை மறித்து ஒரு மூட்டை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வாங்க சார் என்றார். குனிந்து பிடித்தேன். அசையவில்லை. இரண்டு கையும் போட்டு மூச்சைப் பிடித்தேன். அப்போதும் அசையவில்லை.

அவர் சிரித்தார். "அது பச்சைக் காயி சார். மழைத் தண்ணி வேற குடிச்சிருக்கு. ஒலந்த மூட்டை மாதிரியா வரும்?"

பச்சைக் காய் எதற்குக் கீழே வருகிறது என்று கேட்டேன். மேலே யாராவது ஒரு தோட்டத்துக்காரரின் ஸ்டோர் பழுதாகிவிட்டால் பச்சையாகவே இங்கே அனுப்பிவிடுவார்களாம். போன வருடமும் வந்ததே, செல்லப்பாண்டி அண்ணன்தான் ஓட்டிக்கிட்டு வந்தாரு, பாவம் என்றார்.

தராசு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. உலர்ந்த மூட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டு ஆட்கள் தூக்கிவைக்க, பச்சை மூட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மூக்கு அப்போதுதான் விழித்துக்கொண்டது. பச்சைக் காய்க்கு வேறு வாசனை. அறுத்த புல்லும் இஞ்சியும் சேர்ந்த மாதிரி. அன்றைக்கு ஜீப்பில் பன்னிரண்டு மூட்டை அந்த வாசனை என் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது. வெளியூர்க்காரன் எவனாக இருந்தாலும் கேட்டிருப்பான். நான்தான் ஊர்க்காரன் ஆகிவிட்டேனே.

அதே தாள், வேறு கோடு

வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு உட்கார்ந்தேன். பழைய தாளைத் தேடி எடுத்தேன். ஜீப்பின் எடை ஆர்.சி. புத்தகத்திலிருந்து முன்பே குறித்து வைத்திருந்தது. எங்கள் இருவர் எடையையும் சேர்த்து, மூட்டைகளைக் கிலோவாக மாற்றினேன். புதுத் தாளில் கிடைக்கோட்டில் மூட்டையை எழுதவில்லை. ஒன்றின் கீழ் நிறை, அதாவது ஒன்றை நிறையால் வகுத்தால் வரும் எண், என்று எழுதினேன். விசை மாறாதிருந்தால் இப்படி வரையும்போது நேர்கோடு வர வேண்டும். எந்தப் பையனும் சொல்லுவான்.

காலி ஜீப்பின் புள்ளி, நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. அளவுகோலை வைத்து இழுத்தேன். கோடு தொடக்கப் புள்ளியை நோக்கி நேராகப் போயிற்று. கடைசியாக, பிழை என்று எழுதிய அந்தப் புள்ளியைப் பச்சைக் காயின் எடையில் குறித்தேன்.

அது கோட்டின் மேல் விழுந்தது.

அந்தக் கோட்டின் சாய்வுதான் பிரேக்கின் விசை. அதாவது செல்லப்பாண்டியின் கால். அத்தனை ஞாயிறும், அந்த மழை ஞாயிறும், அது ஒரே கால்தான். ஒரு நாளும் மந்தமாக மிதிக்கவில்லை. நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறுபடியும் டீக்கடை

நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குக் கடைக்குப் போனேன். முதலாளியிடம் இரண்டு தாளையும் விரித்து, தப்பு என்னுடையது, செல்லப்பாண்டி சொன்னதுதான் சரி, பச்சைக் காய் வருகிற நாளில் எட்டு மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது என்றேன். கடையே கேட்டது.

அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அன்னைக்கும் நீங்கதான சார் சொன்னீக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பச்சைக் காய் வந்தால் எட்டு மூட்டை என்று அங்கேயே புது டிரைவருக்குச் சொல்லிவிட்டார். ஆனால் ஆள் போட்டு வருடம் ஆகிவிட்டது, அவனும் பிள்ளைகுட்டிக்காரன், வேலையை விட்டு எடுக்க முடியாது என்றார்.

பாண்டியண்ணன் கேட்டது கிடைத்துவிட்டது. அவருக்குத்தான் அது உபயோகமில்லை.

ராசிங்காபுரம்

அந்த ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன். டிராக்டரை வரப்போரம் நிறுத்திவிட்டுக் கலப்பையில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க சார், சாப்பிட்டீகளா என்றார்.

தாளைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் சொன்னதையும் சொன்னேன். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல அந்தப் புள்ளி எது?"

காட்டினேன். மண் ஒட்டிய விரலை அதன் பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீக. சரி, கிராப்பு தானாச் சொல்லும்னு இருந்துட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அட விடுங்க சார், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாக என்று சிரித்தார். சிரிப்பு பழைய சிரிப்புதான். இந்தத் தாள் என்கிட்ட இருக்கட்டும் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். குழம்பை அவரே அள்ளி ஊற்றினார். மழையைப் பற்றிப் பேசினோம். என் மகளைப் பற்றி விசாரித்தார். நாலு மணி பஸ்சுக்கு நிறுத்தம் வரை கூடவே வந்தார். படியில் ஏறும்போது என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

பஸ் நகர்ந்தது. நாலு வருடம் நாக்கில் வராத அந்தச் சொல்லை ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னேன்.

"வர்றேன் மச்சான்."

கேட்டுவிட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சரி சார், பாத்துப் போங்க" என்றார்.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். போடி ஒன்று என்றேன்.